வேலையுள்ள நட்சத்திரங்கள்

ஓய்வுநாள் பள்ளியிலோ மறைக்கல்வி வகுப்பிலோ இந்த வருஷம் முதல்முறையாகப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கிறிஸ்துமஸ் கைவேலை செய்யப்போகிற தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். நான் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். டிசம்பர் பிறந்தால் கோயில் வராந்தாவில் பசைச் சட்டியும் நூல்கண்டுமாக உட்கார்ந்துவிடுவேன். “சார், ஈஸியா ஒரு ஐடியா சொல்லுங்க” என்று கேட்டு வருகிறீர்கள். ஐடியாவுக்கு என்ன பஞ்சம், செல்போனைத் தட்டினால் கொட்டுகிறது. எதை எடுப்பது, எதை விடுவது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பது, இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

1. வேலை இருக்கிற பொருளைச் செய்யச் சொல்லுங்கள்.

சார்ட் பேப்பரில் பஞ்சு ஒட்டிக் கிறிஸ்துமஸ் தாத்தா செய்தாயிற்று, டீச்சர் ‘வெரி குட்’ சொல்லியாயிற்று. அப்புறம்? ஒரு வாரம் சுவரில், ஒரு மாதம் பீரோ மேல், பிறகு குப்பையில். அது அப்படித்தான் ஆகும் என்று பிள்ளைக்கும் தெரியும், அதனால் ஏனோதானோவென்று ஒட்டுகிறது. அதே பிள்ளையிடம், “இந்த ஸ்டார் இருபத்துநாலாம் தேதி ராத்திரி உங்க வீட்டு வாசல்ல எரியணும்” என்று சொல்லிப் பாருங்கள், நூலை இழுத்துக் கட்டுகிற விதமே வேறாக இருக்கும். நாள் எண்ணுகிற சங்கிலி, தபாலில் போகிற வாழ்த்து, வாசலில் எரிகிற நட்சத்திரம், குடிலுக்குப் புல்: ஒரு டிசம்பருக்கு இந்த நாலும் தாராளம். நான் சொல்லப்போவது பெரும்பாலும் இவற்றைச் சுற்றித்தான்.

2. நாள் கணக்கை முதலில் போடுங்கள்.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும். அங்கிருந்து பண்டிகைவரை நாலு ஞாயிறு கையில் இருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இடையில் அரையாண்டுத் தேர்வு நிற்கிறது. தேர்வு முடிய இருபத்துமூன்றாம் தேதி வாக்கில் ஆகிவிடும். போதாததற்கு நாடக ஒத்திகை, கேரல் ரவுண்ட்ஸ். ஆக, உங்களுக்கு உண்மையில் கிடைப்பது முதல் இரண்டு ஞாயிறும், தேர்வு முடிந்த மறுநாளும்தான். மூங்கில் வேலையை முதல் ஞாயிறிலேயே முடித்துவிடுங்கள்.

மழையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். படங்களில் டிசம்பர் என்றால் பனி. நமக்கு அது வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி வருஷத்தில் கைவேலையைப் பற்றிப் பேசவே இடமில்லை. சாதாரண டிசம்பரிலேயே தாள் நமுத்துப்போகும், பசை காய ஒரு நாள் முழுக்க எடுக்கும். காலையில் ஒட்டி மாலையில் மாட்டலாம் என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

3. பசையை நீங்களே காய்ச்சுங்கள்.

ஒரு டம்ளர் மைதாவுக்கு ஐந்து டம்ளர் தண்ணீர். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டி இல்லாமல் கரைத்துக்கொண்டு, மீதித் தண்ணீரையும் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். கரண்டியை எடுக்கவே கூடாது. வெள்ளையாக இருந்தது ஒரு கட்டத்தில் கண்ணாடி மாதிரி மாறிப் பளபளக்கும், அப்போது இறக்கிவிட வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் சட்டியில் சற்று நீர்க்கவே இருக்கட்டும்.

போஸ்டர் ஒட்டுகிறவர்களும் பைண்டிங் செய்கிறவர்களும் பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். பழைய ஆள் யாராவது உங்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் கைவைக்கிற பசையில் அதைச் சேர்க்கவே கூடாது. அது விஷம், சின்னப் பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள். அன்றைக்குக் காய்ச்சியது அன்றைக்கே தீரட்டும். மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

ஃபெவிகால் வேண்டாமா என்றால், மூங்கில் முடிச்சின்மேல் ஒரு சொட்டு விட நல்லது. பட்டத் தாளுக்கு மைதாதான்.

4. நாலு, ஐந்து வயசுக்குக் காகிதச் சங்கிலி.

இதைவிட எளிய வேலை கிடையாது. பழைய மாதக் காலண்டரின் வழவழத் தாளை மூன்று விரல் அகலத்துக்கு நறுக்கிக் கொடுங்கள். வளையமாக ஒட்டி, அதற்குள் அடுத்ததைக் கோத்து, இப்படி 24 வளையம். வெறும் தோரணமாக்கிக் கட்டிவிட்டால் அதற்கு வேலை இல்லை. டிசம்பர் 1-ஆம் தேதியிலிருந்து தினம் ராத்திரி ஒரு வளையத்தைப் பிள்ளையே கிழிக்க வேண்டும். கடைசி வளையம் கிழிகிற ராத்திரி பண்டிகை. தினசரிக் காலண்டர் தாளைத் தாத்தா மட்டும்தான் கிழிக்கலாம் என்று சட்டம் இருக்கிற வீடுகளில் இந்தச் சங்கிலிக்கு மவுசு அதிகம். முதல் ஞாயிறு டிசம்பர் 3-ஆம் தேதி வந்துவிட்டால் 22 வளையம் போதும், இதற்காகக் கணக்கு மாறிப்போனது என்று மலைக்க வேண்டாம்.

5. வாழ்த்து அட்டைக்கு வெண்டைக்காய்.

உருளைக்கிழங்கை வெட்டி அச்சு செய்கிற பழக்கம் எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கத்தி வேலை வேண்டும், அதை ஆசிரியர்தான் செய்ய முடியும், கடைசியில் அது ஆசிரியரின் படமாகிவிடும். வெண்டைக்காயில் நட்சத்திரம் ஏற்கெனவே இருக்கிறது. காம்புப் பக்கம் ஒரு அங்குலம் தள்ளிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: ஐந்து முனை, நடுவில் ஐந்து அறை, அறைக்கொரு விதை. கடையில் வருகிற காய்கள் பெரும்பாலும் ஐந்து பட்டை. சில நாட்டு வெண்டையில் ஏழு, எட்டும் இருக்கும், அதையும் ஒன்றிரண்டு கலந்து வையுங்கள், பிள்ளைகள் எண்ணிக் கண்டுபிடிக்கட்டும்.

நுணுக்கம் மூன்று. முற்றல் காயாக இருக்க வேண்டும், பிஞ்சு நசுங்கும். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி ஒரு பத்து நிமிஷம் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் வழவழப்பில் சாயம் ஒட்டாது. சாயத்தைக் கிண்ணத்தில் வைத்து முக்கவிடாதீர்கள். நாலாக மடித்த ஈரத்துணியைத் தட்டில் விரித்து, அதன்மேல் போஸ்டர் கலரைக் கெட்டியாகத் தடவிவிட்டால் அதுதான் ஸ்டாம்ப் பேட். காயை அதில் ஒருமுறை தொட்டால் இரண்டு அச்சு விழும். முதல் அச்சு கொழகொழவென்று இருக்கும், இரண்டாவதில்தான் விதையறை துல்லியமாகத் தெரியும். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

அச்சடிக்க மொட்டை அட்டை எதற்கு? தபால் ஆபீசில் 50 காசுக்கு அஞ்சலட்டை இருக்கிறது. சின்ன ஊரில் ஒரேயடியாக முப்பது கேட்டால் கையை விரிப்பார்கள், நவம்பரிலேயே சொல்லி வையுங்கள். முகவரிப் பக்கம் சுத்தமாக இருக்கட்டும், பின்கோடு ஆறு எண்ணும் பிள்ளை கையாலேயே எழுதட்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு மும்பையில் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இருப்பார்கள். வாட்ஸ்அப்பில் தினம் பேசுகிற அவர்களுக்குத் தபால்காரர் கையால் ஒன்று போய்ச் சேரட்டும். அச்சடித்த கிறிஸ்துமஸ் வாழ்த்து 1843-ல் லண்டனில் பிறந்ததே, எல்லாருக்கும் கடிதம் எழுத நேரமில்லாமல் ஹென்றி கோல் என்கிறவர் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரைந்து வாங்கியதால்தான். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த அவசரம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு வாரம் முன்னால் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

6. நட்சத்திரத்துக்குப் பத்துக் குச்சி.

கடை ஸ்டார் அட்டையில் மடித்து வருகிறது, விரித்து மாட்டினால் தீர்ந்தது. மூங்கில் ஸ்டார் எட்டு வயசுக்கு மேல்தான், ஒரு பெரிய பிள்ளைக்கு ஒரு சின்னப் பிள்ளை ஜோடி. சின்னது பிடிக்கும், பெரியது கட்டும். தனியாகக் கட்டச் சொன்னால் அழுகைதான் மிஞ்சும்.

இரண்டடி நீளத்தில் ஒரே அளவாகச் சீவின மூங்கில் சிம்பு பத்து. விரல் நீளக் குச்சி ஐந்து. சிராய் குத்தாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது உங்கள் வேலை. ஐந்து சிம்பில் ஒரு நட்சத்திரம், ஐந்தில் இன்னொன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும், ஐந்து முனையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு உள்மூலை ஐந்திலும் விரல் நீளக் குச்சியை நிமிர்த்திச் செருகினால் நடு வயிறு உப்பி, உள்ளே பல்பு தொங்க இடம் கிடைக்கும்.

பிள்ளைகள் திணறுவது முதல் நட்சத்திரத்தில்தான், முனைகள் சமமாக வராது. அதற்கு ஒரு வழி: தரையில் சாக்பீஸால் இரண்டடிக்குச் சற்றுக் கூடுதல் விட்டத்தில் வட்டம் போடுங்கள், கடிகார முகம் என்று சொல்லுங்கள். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு புள்ளி: 0, 12, 24, 36, 48. ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததைத் தாண்டி அதற்கடுத்ததற்குக் குச்சியை வைக்க வேண்டும். 0-விலிருந்து 24, அங்கிருந்து 48, பிறகு 12, பிறகு 36, மறுபடி 0. வைக்கும்போதே குச்சியை ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என்று மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டு போனால், நூல் கட்டும் முன்பே சட்டம் தானாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைத் தரையிலிருந்து தூக்கிக் காட்டுங்கள், வகுப்பே வாயடைத்துப்போகும். முதலில் நூலால் பெருக்கல் குறி போட்டு நாலு சுற்று, அப்புறம்தான் முடிச்சு.

இது கணக்குப் பாடமாயிற்றே என்பவர்களிடம் ஜெர்மனிக் கதையைச் சொல்லுங்கள். நீஸ்கி என்ற ஊரில் மொரேவியச் சபையார் நடத்திய விடுதிப் பள்ளியில், 19-ஆம் நூற்றாண்டின் முன்பாதியில், வடிவக் கணக்குப் பாடத்தில் பிறந்ததுதான் அவர்களுடைய கூர்முனைக் காகித நட்சத்திரம். இன்றைக்கும் ஹெர்ன்ஹூட்டில் அது தயாராகி உலகம் முழுக்கப் போகிறது. நம்முடைய மூங்கில் ஸ்டாருக்குப் பிலிப்பைன்ஸில் நெருங்கிய சொந்தம் உண்டு, அங்கே அதைப் பரோல் என்கிறார்கள்.

தாள் ஒட்டுவதற்குப் பட்டத் தாள் நல்லது, வெளிச்சம் ஊறி வரும். ஒரு முக்கோணத்துக்கு ஒரு துண்டாக ஒட்டுங்கள், கிழிந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். பின்பக்கம் ஒரு முக்கோணத்தைத் திறந்தே விடுங்கள். பல்பு மாட்டக் கை போக வேண்டாமா? முதல் தடவை செய்கிற எல்லாரும் ஐந்து பக்கத்தையும் மூடிவிட்டு முழிப்பார்கள்.

7. குருத்தோலை கிடைத்தால் விடாதீர்கள்.

குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடித்த கைகள்தான் இவை. பனங்குருத்தைச் சீராக வகிர்ந்து, அகலத்தைப்போல் முப்பது மடங்கு நீளத்தில் நாலு துண்டு கொடுத்தால் ஒரு சின்ன நட்சத்திரம் பின்னலாம். காகிதத்தில் இதைச் செய்கிற ஐரோப்பாவில் ‘ஃப்ரோபெல் நட்சத்திரம்’ என்பார்கள். கிண்டர்கார்டன் முறையைத் தொடங்கிய ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் (1782–1852) பேர் அது. மடிப்பதும் பின்னுவதும் பிள்ளைகளுக்குப் படிப்பே என்று வைத்தவர் அவர். நாலு ஓலையையும் இரண்டாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சதுரமாக்குவதுவரை எல்லாரும் செய்துவிடுவார்கள், அதற்கப்புறம் முனைகளை மடித்துச் செருகுவது பத்து வயசுக்கு மேல்தான் வரும். எழுத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஊரில் ஓலைப்பெட்டி முடைகிற அக்கா ஒருவரை அழைத்து வந்து பக்கத்தில் உட்காரவையுங்கள். ஓலையை அவ்வப்போது ஈரத்துணியால் துடைக்க வேண்டும், காய்ந்தால் மடிப்பில் ஒடிந்துவிடும்.

8. குடிலில் புல் வளர்ப்பது பிள்ளைகள் பொறுப்பு.

குடில் என்றதும் எல்லாரும் சொரூபங்களுக்கு விலை விசாரிக்கப் போகிறார்கள். 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் முதன்முதலாக அமைத்தபோது அவர் கேட்டது ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. பொம்மை ஒன்றுகூட இல்லை. நீங்களும் வைக்கோலிலிருந்து தொடங்கலாம்.

டிசம்பர் 12, 13 வாக்கில் பிள்ளைக்கு ஒரு கொட்டாங்குச்சி கொண்டுவரச் சொல்லுங்கள். அடியில் ஒரு கண் திறந்திருந்தால் தண்ணீர் வடியும். முக்கால் பங்கு மண். ராத்திரி முழுக்க ஊறவைத்து ஈரத்துணியில் கட்டிவைத்த கேழ்வரகை மேலே நெருக்கமாகத் தூவி, மணல் மூடுகிற அளவுக்கு மட்டும் போர்த்துங்கள். ஆழமாகப் போட்டால் வராது. எறும்பு ஒரே ராத்திரியில் அத்தனையையும் இழுத்துப்போய்விடும், தண்ணீர்த் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளிக்க வேண்டும். முளை தெரிந்ததும் வெயிலுக்கு மாற்ற வேண்டும், நிழலிலேயே விட்டால் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். இருபத்துநாலாம் தேதி விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும். எல்லாக் கொட்டாங்குச்சியையும் நெருக்கி வைத்து இடுக்கில் மணலை நிரப்பினால் அது ஒரு வயல்.

தேர்வு நேரத்தில் பிள்ளைகள் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான். நாலைந்து பேருக்கு முளைக்காது. ஆகவே நீங்கள் ரகசியமாக ஒரு தட்டில் கூடுதலாக விதைத்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எதனால் வரவில்லை என்று விசாரணை நடத்த வேண்டாம்.

பாறைக்கு, ஜூன் மாதம் நோட்டுக்கு அட்டை போட்டு மிஞ்சிய பிரவுன் பேப்பரைக் கசக்கிப் பசை தடவி மணலைத் தூவினால் போதும். களிமண் கொடுத்தால் ஆடு மட்டும் செய்யச் சொல்லுங்கள். நாலு தீக்குச்சிமேல் ஒரு உருண்டை, அது எப்படி வந்தாலும் ஆடுதான். மாதாவும் சூசையப்பரும் செய்யக் கொடுத்தால் முகம் கோணும், பிள்ளைகள் சிரிப்பார்கள், பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

9. பஞ்சுப் பனி வேண்டாம்.

பெத்லகேம் மலையூர், எப்போதாவது அங்கே பனி விழுவது உண்டு. ஆனாலும் சவுக்குக் கிளைமேல் பஞ்சைப் பிய்த்து வைப்பதில் எனக்கு மனசே வருவதில்லை. சவுக்கு அதுபாட்டுக்கு அழகான மரம். கடற்கரையில் உதிர்ந்து கிடக்கிற சவுக்குக் காய்களைப் பொறுக்கி வரச் சொல்லிச் சுண்ணாம்பில் முக்கி எடுத்தால், அதே கிளையில் அதன் காயே தோரணமாகும். சுண்ணாம்பில் முக்குவது நீங்கள். நூல் கட்டித் தொங்கவிடுவது பிள்ளைகள். ஈர மணல் வாளியில் கிளையை நட்டு வையுங்கள், அப்படியும் நாலைந்து நாளில் காய்ந்து உதிரும்.

10. தெர்மோகோலும் ஜிகினாத் தூளும் வகுப்புக்குள் வரவேண்டாம்.

2019 ஜனவரி 1 முதல் தூக்கியெறிகிற பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, தெர்மோகோல் தட்டும் கப்பும் அதில் அடக்கம். ஒரு தெர்மோகோல் பலகையை வகுப்பில் அறுத்தால் அந்தப் பொரியைப் பொங்கல்வரை பெருக்கிக்கொண்டிருப்பீர்கள். ஜிகினாத் தூள் கண்ணில் விழும்.

11. மாதிரி செய்து காட்டாதீர்கள், கை வைக்காதீர்கள், போட்டி வைக்காதீர்கள்.

முடித்த மாதிரியை மேஜைமேல் வைத்தால் முப்பது பேரும் அதைத்தான் பார்த்துச் செய்வார்கள், அது மாதிரி வராத பிள்ளை சுருங்கிப்போகும். பாதி செய்ததைக் காட்டுங்கள். கட்டு தளர்ந்திருந்தால் சொல்லுங்கள், அவிழ்த்து நீங்கள் கட்டாதீர்கள். ‘கொடு, நான் சரிபண்றேன்’ என்று வாங்கின பொருளைப் பிள்ளை திரும்பத் தன்னுடையதாக நினைக்காது. போட்டி என்று அறிவித்தீர்களானால் அடுத்த ஞாயிறு வருவது அப்பாக்கள் செய்த ஸ்டார்கள், பரிசும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற அப்பாவுக்குத்தான் போகும்.

கோணலாக வந்த நட்சத்திரத்தைப் பின்வரிசையில் மாட்டாதீர்கள். எது யாருடையது என்று பின்னால் பென்சிலில் பேரும் வருஷமும் இருக்கட்டும்.

12. நெருப்பும் கரண்டும்.

காகித நட்சத்திரத்துக்குள் மெழுகுவர்த்தியே கூடாது, அழகுக்காக ஒரு நிமிஷம்கூட. பழைய குண்டு பல்பு சூடேறித் தாளைப் பொசுக்கும், சின்ன எல்.இ.டி. பல்பு போதும். ஒயர் இழுப்பதும் ஹோல்டர் மாட்டுவதும் தெரிந்த பெரியவர் வேலை. வாசலில் சாரல் அடிக்காத இடமாக, கூரைக்குக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக ஐந்து இருந்தால் போதும், ஆளுக்கொன்று எதற்கு? காத்திருக்கிற நேரத்தில்தான் பிள்ளைகள் மற்றவர் வேலையைப் பார்க்கிறார்கள்.

13. ஜனவரி 6-க்குப் பிறகு இறக்கிவிடுங்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கேழ்வரகுப் புல்லை ஆட்டுக்குப் போடலாம். ஸ்டார்களை அப்படியே பரணில் ஏற்றாதீர்கள். மைதா வாசனைக்கு எலியும் கரப்பானும் தேடி வரும். தாளை முழுக்க உரித்து, மூங்கிலில் ஒட்டின பசையை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காயவைத்து, சட்டத்தை மட்டும் நூலில் கோத்து உத்தரத்தில் தொங்கவிடுங்கள். மழையில் நனைந்த நூல் இற்றுப்போயிருக்கும், அதை அடுத்த நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.